அஞ்சே முக்காலுக்கு மேல் சாலை அன்று

ஆவடி சேக்காட்டில், இரண்டு வருஷமாகத் தோண்டிப் போட்ட தெரு ஒன்றின் கோடியில் இருந்த அடுக்ககத்தில் கோகுல்நாத் குடியிருந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை. அவன் பிரிவில் ஆறு பேர் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் வாங்கிவிட்டார்கள். ஏழாவது ஆள் வாங்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? வாங்கிவிட்டான். கூரைமேல் ஒரு மண்வெட்டி, ஒரு சுருள் கயிறு, எதற்கென்று அவனுக்கே தெரியாத ஒரு தகர டப்பா, எல்லாம் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏழு ஜீப்பும் முத்தாபுதுப்பேட்டைக்கு அந்தப் பக்கம் சேறு தேடிக் கிளம்பும். சேற்றில் இறக்குவார்கள், ஏற்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள், குமணன்சாவடியில் தோசை தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். திங்கட்கிழமை ஆபீஸில் நாலு பேர் பார்க்கட்டும் என்று வண்டியைக் கழுவ மாட்டார்கள். கோகுல்நாத் வீட்டு வாசலில் அதைவிட உசத்தியான சேறு கிடந்தது. வாசலில் கிடக்கிற சேற்றை யார் மதிக்கிறார்கள்?

நிற்க. போன மழையில் அந்த வாசல் பள்ளத்தில்தான் ஜீப்பின் முன் அச்சு முறிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். 'மேற்படி இடத்தைச் சாலை எனக் கருத இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. அதோடு சரி.

இப்போது பாலிசி முடியப் போகிறது. மனைவி ஷோபனாவுக்கு ஒன்பதாம் மாதம். ஆம்புலன்ஸ் உங்கள் தெருவுக்குள் வராது, சொந்த வண்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்தத் தடவை பாலிசியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கோகுல்நாத் சபதம் எடுத்துக்கொண்டு அம்பத்தூர்க் கிளைக்குப் போனான்.

கிளை அதிகாரி தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"சாலைக்கு ஒரு பாலிசி இருக்கு சார். சாலை அல்லாத இடத்துக்கு ஒரு பாலிசி இருக்கு. உங்களை மாதிரி சாகசக்காரங்க ரெண்டையும் போட்டுக்கறது நல்லது."

"அப்போ எங்க விழுந்தாலும் கவலை இல்லை?"

"இல்லவே இல்லை. ரெண்டாவது பாலிசி மட்டும், அரசாங்க ரெக்கார்டுல சாலைன்னு இருக்கிற இடத்துல செல்லாது. உங்க தெரு?"

"ரெக்கார்டுல ரோடுதான் சார்."

"அப்போ செல்லாது."

"முதல் பாலிசி?"

"அதுக்கு நேர்ல பார்த்தாலும் சாலையா இருக்கணும். உங்க தெரு போட்டோவைத்தான் சார் எங்க டிரெய்னிங்ல, எது சாலை இல்லைன்னு காட்ட வச்சிருக்கோம்."

"ஐயோ, அப்போ நான் வீட்டுக்கு எப்படிப் போறது?"

"வீட்டுக்குப் போறது சாகசத்துல வராதுங்க," என்றார் தட்சிணாமூர்த்தி வருத்தத்தோடு. "ஒண்ணு செய்யுங்க. அது சாலை இல்லைன்னு வார்டு அலுவலகத்துல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க."

வார்டு அலுவலகத்தில் சுசீலா மேடம் பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தெருவுக்கு மூன்று தடவை தார் போட்டிருந்தது. நிலை என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று இருந்தது.

"மிக நன்றுன்னு இருக்கிற ரோட்டை எப்படி சார் நான் இல்லைன்னு சொல்றது?"

"மேடம், ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க."

"வரலாம்தான். உங்க தெருவுக்குள்ள எங்க வண்டி வராதே!"

கோகுல்நாத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷோபனாவின் நிலைமையைச் சொன்னான். சுசீலா மேடமும் ரெண்டு பிள்ளை பெற்றவர், மனசு இளகிவிட்டது. பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"சார், ரெக்கார்டு திறந்திருக்கிற வரைக்கும் அது ரோடு. அதை நான் மாத்த முடியாது. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு ரெக்கார்டை பீரோவுல வச்சுப் பூட்டிடுவோம். அதுக்கப்புறம் அது ரோடா இல்லையான்னு இந்த அலுவலகத்துக்குத் தெரியாது. வேணும்னா அப்படி எழுதித் தரேன்."

எழுதியும் தந்தார். 'அலுவலக நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை மேற்படி தெரு சாலையாகும். ஏனைய நேரங்களிலும் அரசு விடுமுறை நாட்களிலும் சாலை அன்று.' கையெழுத்து, முத்திரை, எல்லாம் கச்சிதம். அம்பத்தூர்க் கிளையில் தட்சிணாமூர்த்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இப்படி ஒரு தெளிவான ஆவணத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொல்லி, ரெண்டு பாலிசியையும் போட்டுக் கொடுத்தார்.

"பகல்ல?" என்று கேட்டான் கோகுல்நாத்.

"பகல்ல நீங்க ஆபீஸ்ல இருப்பீங்களே சார்!"

அன்று மாலை காலண்டரை விரித்துவைத்துக்கொண்டு, "ஷோபா, ஞாயித்துக்கிழமைன்னா ரொம்ப தேவலாம். முழு நாளும் செல்லும்," என்றான்.

"அதை உங்க பிள்ளைகிட்டயே சொல்லுங்க," என்றாள் ஷோபனா.

பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலும். வியாழக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு இடுப்பு வலி எடுத்தது. அன்று லீவு போட்டு வீட்டில் இருந்த கோகுல்நாத் பையைத் தூக்கி, மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி, ஜீப் கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஏங்க, என்ன நிக்கறீங்க?"

"முப்பத்தஞ்சே நிமிஷம்தான் ஷோபா. கொஞ்சம் பொறுத்துக்கோ. இப்ப இது ரோடு. இப்ப அச்சு முறிஞ்சா ஒரு பாலிசியும் செல்லாது."

ஷோபனா அவனைப் பார்த்த பார்வை எந்தப் பாலிசியிலும் அடங்காது.

சத்தம் கேட்டு அடுக்ககமே கீழே இறங்கியது. சங்கச் செயலாளர் ஞானசேகரன், டிஃபென்ஸ் ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர், சான்றிதழை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். "உன் வீட்டுக்காரர் சொல்றதுல பாயின்ட் இருக்கும்மா," என்றார்.

"இன்ஜின் போடாம நாம எல்லாரும் தள்ளிக்கிட்டுப் போயிட்டா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு வித்யா.

"தள்றதும் இயக்கம்தான்," என்றார் ஞானசேகரன். கோகுல்நாத் சந்தேகத்துக்குப் பாலிசியின் பதினோராம் பக்கத்தைப் புரட்டினான். தள்ளுவதும் இயக்கம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஷோபனா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

அப்போது தண்ணீர் கேன் போடும் பாபு, குட்டி யானை என்கிற தன் சின்ன லாரியை ஓட்டிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறி, கேன்கள் கடகடக்க வந்து நின்றான்.

"இன்னா சார் இது! புள்ளத்தாச்சிய நிக்க வச்சுக்கினு பேப்பரு படிச்சுகினு கீறீங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஷோபனா தானே போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, உன் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார் ஞானசேகரன்.

"அத்த மெயின் ரோட்டாண்ட கேப்பாங்க நைனா. இந்தத் தெருவுல எவன் வந்து கேக்கப் போறான்? நவுரு!"

இரண்டே நிமிஷத்தில் குட்டி யானை தெருவைக் கடந்துவிட்டது. அதற்கு இழுக்கிற சக்கரம் இரண்டுதான். கோகுல்நாத் ஐந்தே முக்காலுக்கு, சட்டப்படி, மண்வெட்டி கயிறு சகிதம் கிளம்பி, ஒரு கீறல் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஷோபனா மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த வாரம் வார்டு அலுவலகத்தில் சுசீலா மேடத்தின் ஜன்னலுக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. அடுக்ககத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களும் விஷயம் கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு விண்ணப்பம். ஸ்கூட்டர் வைத்திருந்த வித்யாகூடத் தனக்கும் ஒரு 'சாலை அன்று' வேண்டும் என்றாள். ஞானசேகரன் தம் நடைப்பயிற்சி நேரத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருந்தார். முதல் ஆளாகக் கோகுல்நாத் நின்றான். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பகலில் போக வேண்டுமாம், புதன்கிழமை மட்டும் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை சாலையில்லை என்று திருத்தித் தர வேண்டுமாம்.

சுசீலா மேடம் எல்லா விண்ணப்பத்தையும் பொறுமையாக வாங்கி அடுக்கினார். பிறகு, முறைப்படி கேட்க வேண்டும் அல்லவா, தலையை நிமிர்த்திக் கேட்டார்.

"ரோடு போட்டுத் தரச் சொல்லி யாராவது மனு கொண்டுவந்திருக்கீங்களா?"

முன்னால் நின்ற கோகுல்நாத் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை மேடம். இதை மட்டும் சீக்கிரம் கொடுத்துடுங்க."

மேடம் புகார்ப் பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதியைப் போட்டு, 'சாலை குறித்துப் பொதுமக்களிடம் குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.