எட்டுப் பக்கம் கேட்கப் போன கதை

நியாயம் கேட்கப் போகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் போன இடத்தில் பஜ்ஜி கொடுத்தால் தின்றுவிடுவான். தின்ற பிறகு அவன் கேட்கும் நியாயத்துக்கு மரியாதை இருக்காது. இதை நான் என் இருபதாவது வயதில், அடையாறில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கற்றுக்கொண்டேன்.

என் பேரில் ஒரு தப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மயிலாப்பூரில் இருந்துகொண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்பாவுக்குச் சொன்னது.) உண்மையில் படித்தது, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் மாணிக்கம் என்பவர் நடத்திய லெண்டிங் லைப்ரரியில் கிடைத்த ஓர் ஆங்கிலத் தொடர்கதை. ஐந்து பாகம். பெட்ரோல் என்ற வஸ்துவையே கண்டுபிடிக்காத ஓர் உலகம். அங்கே எல்லாம் நீராவியில் ஓடும்: வண்டி, கடிகாரம், பியானோ, ஆகாயத்தில் பறக்கும் கப்பல். இந்த வகைக் கதைக்கு ஸ்டீம்பங்க் என்று ஒரு பெயர் இருப்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நானும் மாணிக்கமும் அதை 'பாய்லர் புக்கு' என்றுதான் சொல்வோம்.

ஆகாயக் கப்பலை ஓட்டுகிறவள் அகஸ்டா. பதினெட்டு வயது. நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, கையில் ஸ்பானர். கப்பலில் கரி அள்ளிப் போடுகிற பையன் டோபி. அவன் கரி அள்ளுவான், அவள் திட்டுவாள், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு மூச்சு நின்றுவிடும். அட்டையில் பெரிய கொதிகலன் படம் இருந்ததால் வீட்டில் பிரச்சினை இல்லை. அப்பா எட்டிப் பார்த்தால் அகஸ்டாவின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். "ஸ்டீம் என்ஜின் பத்தியா? படி படி," என்பார். அப்படி ஒரு நல்ல மனிதரை ஏமாற்றியதற்குத்தான் இதெல்லாம் நடந்ததோ என்னவோ.

மூன்றாம் பாகத்தில் கப்பல் பனிமலையில் விழுந்துவிடுகிறது. ஊரே இல்லாத இடம். அகஸ்டாவும் டோபியும் மட்டும். 218-ஆம் பக்கத்தின் கடைசி வரி: 'அகஸ்டா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.' இரண்டரை பாகமாக நான் காத்திருந்த நிமிஷம். அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன்.

227.

டோபியின் தலையில் கட்டு. அகஸ்டா அழுகிறாள். கொதிகலனைக் காணவில்லை. நடுவில் எட்டுப் பக்கத்தைப் பிளேடு வைத்துச் சுத்தமாக அறுத்து எடுத்திருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நீராவி இல்லாமலே ஒரு கப்பல் ஓடியிருக்கும். அப்போதே புத்தகத்தோடு மாணிக்கத்திடம் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, படிச்ச புள்ள, இப்டி பண்ணிட்டியே."

"நானா? அண்ணே, நான் புகார் குடுக்க வந்திருக்கேன்!"

"அறுத்தவன்தான் மொதல்ல ஓடியாந்து சொல்லுவான். எத்தினி பேர பாத்துக்கினு கீறேன். உன் வயசுல இந்த மாரி பக்கமெல்லாம் எடுத்து வச்சிக்கத்தான் தோணும்."

"எந்த மாதிரிப் பக்கம்? அதுல என்ன இருந்ததுன்னே எனக்குத் தெரியாதுங்கறேன்!"

"அதான, நடிக்காத." நான்காம் பாகத்தை என் கண் முன்னால் எடுத்து, மேஜை டிராயரில் போட்டு, பூட்டினார். "பக்கத்தக் கொண்டா. நாலாவத எடுத்துக்கினு போ."

குற்றம் செய்யாதவன் மேல் பழி. ஆனாலும் மூளை வேலை செய்தது. (அதுதான் தவறு.) அவர் டீ சொல்ல வெளியே போன நேரத்தில் மேஜைமேல் கிடந்த நோட்டைப் புரட்டினேன். மூன்றாம் பாகத்தை எனக்கு முன்னால் எடுத்தவர் ஒரே ஒருவர். நித்யா, காந்தி நகர், அடையாறு. கதவு எண் உட்பட இருந்தது.

இந்த நித்யா யாரோ, அவளை நான் சும்மா விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெரிய மனிதன் போல் தெரிய வேண்டும் என்பதற்காக இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, நெற்றியில் சந்தனக் கீற்றும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தேன். 'பொதுச் சொத்து' என்ற வார்த்தை அதில் மூன்று முறை வரும்.

வீட்டு வாசலில் இருபது ஜோடி செருப்பு. கதவு திறந்திருந்தது. நான் படியேறுவதற்குள் பட்டு வேஷ்டி கட்டிய ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"வாங்கோ வாங்கோ! காரை ஓரமா விட்டுட்டேளா? எல்லாரும் உள்ளதான் இருக்கா."

"சார், நான்..."

"எல்லாம் உக்காந்துண்டு பேசலாம்."

கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு வரிசையாக ஜனங்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, தட்டில் கேசரியும் நாலு வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தார்கள். என்னைத் தவிர உலகில் வேறு எவனாக இருந்தாலும் அந்த நிமிஷமே எழுந்து விஷயத்தைச் சொல்லியிருப்பான். பஜ்ஜி சூடாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டு நியாயம் கேட்கலாம் என்று நினைத்தேன். மூன்றாவது பஜ்ஜியில் இருக்கும்போது, பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு பெண் காபித் தட்டோடு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் பெண் பார்க்கும் சடங்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

பட்டு வேஷ்டிக்காரர்தான் பெண்ணின் அப்பா. பெயர் ராமபத்ரன். ஏதோ அரசாங்க அலுவலகத்தில் ரெக்கார்டு செக்‌ஷன் என்று சற்று முன்னால் பேச்சில் அடிபட்டது. அவர் மாப்பிள்ளைப் பையனின் அம்மாவிடம் என்னைக் காட்டிச் சிரித்தபடி கேட்டார்: "இவர் மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?"

"எங்களுக்கா?" என்றாள் அந்த அம்மாள். "நாங்க உங்காத்துப் பிள்ளைன்னுன்னா நெனச்சுண்டிருக்கோம்!"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். கன்னத்தில் பஜ்ஜி.

"நீ யாருப்பா?" என்றார் ராமபத்ரன்.

நான் எழுந்து நின்றேன். ஒத்திகை பார்த்த வசனம் மொத்தமும் மறந்துபோயிருந்தது. பொதுச் சொத்து போன இடம் தெரியவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பெண்ணைக் கைகாட்டி, தெளிவாக, உரக்க, நான் சொன்னது இதுதான்:

"சார், இந்த நித்யாவால எனக்கு முத்தம் பாதியில நின்னு போச்சு."

எங்கேயோ ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"ஐயோ, நான் இவரைப் பாத்ததே இல்லை!" என்று நித்யா அலறினாள். பிள்ளையின் அம்மா எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஸ்ரீதர், கிளம்பு," என்றாள். மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீதர் அசையவில்லை. என்னையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். (இஸ்திரி போட்ட சட்டை!)

"புக்குல! புக்குல வர்ற முத்தம்!" என்று நான் கத்தினேன். "லைப்ரரி புக்குல எட்டுப் பக்கம் திருடியிருக்காங்க! 219லேர்ந்து 226 வரைக்கும்! எனக்கு முன்னாடி எடுத்தது இவங்கதான்!"

சொல்லி முடித்ததும் ராமபத்ரனின் முகம் மாறியது. தன் பெண்ணிடம் எவனோ முத்தம் கேட்டான் என்றபோது வராத கோபம், திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு வந்தது.

"திருட்டா? எங்காத்துலயா? முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு குண்டூசி எடுத்ததில்லை நான்! இரு, அங்கேயே இரு!"

உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு காக்கி ஃபைலோடு வந்தார். அதற்குள் மூன்று கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தான கையெழுத்தில் பாகம், பக்கம், எடுத்த தேதி, திரும்ப ஒட்டிய தேதி. முதல் இரண்டு கவர்கள் காலி. மூன்றாவதிலிருந்து நான்கு தாள்களை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"வயசுப் பொண் படிக்கற புஸ்தகம். விரசமா வர்ற பக்கத்தை அறுத்து எடுத்து வச்சுண்டுதான் அவகிட்ட குடுப்பேன். அவ படிச்சு முடிச்சதும் கோந்து போட்டு ஒட்டித்தான் திருப்பிக் குடுப்பேன். இந்த தடவை நீங்கள்லாம் வரேள்ங்கற அவசரத்துல ஒட்ட மறந்துட்டேன். மறதி. திருட்டில்லை!"

முதல் இரண்டு பாகங்களில் சில தாள்கள் அப்பளம் போல் விறைப்பாக இருந்ததன் ரகசியம் எனக்கு விளங்கியது. விளங்கியது எனக்கு மட்டுமல்ல.

"அப்பா," என்றாள் நித்யா. காபித் தட்டைத் தரையில் வைத்தாள். குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது. "எல்லாப் பாகத்துலயுமா?"

"உன் நன்மைக்குத்தாம்மா."

"ரெண்டாம் பாகத்துல அவ விரல்ல மோதிரம் எங்கேந்து வந்ததுன்னு ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுண்டேனே! டோபியை நான் அவ தம்பின்னு நெனச்சுண்டிருந்தேம்ப்பா! தம்பி! காலேஜ்ல எல்லார்கிட்டயும் அக்கா தம்பி பாசம்னா இதுதான்னு சொல்லிண்டிருந்தேன்! சிரிச்சா எல்லாரும். ஏன் சிரிக்கறான்னே எனக்குப் புரியலை!"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கே என் எட்டுப் பக்கம் சின்ன விஷயமாகப் பட்டது. எனக்கு எட்டுதான், அவளிடமிருந்து மூன்று பாகமாக எடுத்திருக்கிறார்கள்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கு அதுல?" என்றாள் பிள்ளையின் அம்மா. போகக் கிளம்பியவள், போகவில்லை. "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஸ்ரீதர், படிச்சு அர்த்தம் சொல்லு."

"அம்மா, இங்க வச்சா?"

"எல்லாரும் பெரியவாதானே இருக்கோம். சொல்லு."

ஸ்ரீதர் தாளை வாங்கிப் படித்தான். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பிய அகஸ்டா, வால்வு இறுகிவிட்டது என்றாள். டோபி அதற்கு எண்ணெய் விடச் சொன்னான். எண்ணெய் உறைந்திருந்தது. உறைந்த எண்ணெயை எப்படி உருக்குவது என்று ஒன்றரைப் பக்கம். அழுத்தமானியின் முள் பற்றி இரண்டு பக்கம். குழாய்க்குக் கந்தல் சுற்றும் முறை மூன்று பக்கம். என் காலேஜ் பாடப் புத்தகமே தேவலாம் போலிருந்தது. 226-ஆம் பக்கத்தின் அடியில் ஸ்ரீதர் ஒரு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பிறகு அவள் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். அப்போது கொதிகலன் வெடித்தது."

"அவ்வளவுதானா?" என்று நானும் நித்யாவும் ஒரே குரலில் கேட்டோம். (ஒரே குரலில் கேட்டதால் மறுபடியும் எல்லோரும் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.)

"இதுக்கு எதுக்கு ஓய் எட்டுப் பக்கத்தை எடுத்தீர்? ஒரு தாள் போறாதா?" என்று பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அதுக்கு முன்னாடி ஏழு பக்கமா ரெண்டு பேரும் தனியா இருக்காளே," என்றார் ராமபத்ரன். "அது மட்டும் சரியா?"

பிள்ளையின் அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஸ்ரீதர் நித்யாவிடம் நேராகப் பேசினான்: "உங்களுக்கு என்னைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?"

"இப்ப எதுவும் கேக்கற நிலைமைல நான் இல்லை," என்றாள் அவள். "மொதல்லேர்ந்து அஞ்சு பாகத்தையும் முழுசா படிக்கணும். அப்பறம்தான் எதுவா இருந்தாலும்."

"நான் கொண்டுவந்து தரேன்," என்றான் ஸ்ரீதர்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்தது, சரி. என் கதி என்ன? அந்த நாலு தாளை ராமபத்ரன் என்னிடம் தர மறுத்துவிட்டார். தான் அறுத்ததைத் தானே ஒட்டுவதுதான் முறையாம். புதன்கிழமை நேரில் வந்து, மாணிக்கத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாராம். வியாழக்கிழமை நான் நிமிர்ந்த நெஞ்சோடு லைப்ரரிக்குள் நுழைந்தேன்.

"நான் எடுக்கலைன்னு இப்பவாவது தெரிஞ்சுதா? நாலாவதைக் குடுங்க."

"கோச்சிக்காத தம்பி," என்றார் மாணிக்கம். "நேத்து சாயங்காலம் ஸ்ரீதர்னு ஒரு சார் வந்து மெம்பராயி, அஞ்சையும் ஒண்ணா எடுத்துக்கினு போய்ட்டாரு. யாரோ பொண்ணுக்காம். எப்ப குடுப்பாருன்னு தெரியாது."

ஏழு வாரம் கழித்துக் கொடுத்தார். அதற்குள் அவர்களுக்கு நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது. அதற்குள் இன்னொன்றும் நடந்தது: ஒரு பையன் அடையாறில் பெண் பார்க்கும் இடத்தில் புகுந்து முத்தம் கேட்டான் என்ற செய்தி மாட வீதிகள் நாலையும் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதில் புத்தகம் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டிருந்தது. அம்மா ஒரு மாதம் காய்கறி வாங்க மாம்பலத்துக்குப் போனாள். பிற்காலத்தில் எனக்குப் பெண் பார்த்தபோது, இரண்டு இடத்தில் ஜாதகம் பொருந்தியும் தட்டிப்போனது. மூன்றாவது இடத்தில் பெண்ணே சிரித்துக்கொண்டு, "அந்தப் பஜ்ஜி நீங்கதானா?" என்று கேட்டாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன். வேறு வழி? இன்றுவரை சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும், என்னை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். போகும்போது, "உனக்கு என்ன வேணும், சொல்லு, கேட்டு வாங்கிண்டு வரோம்," என்று ஒரு கேள்வி வேறு.

போன வருஷம் தி.நகரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்கு நின்றிருந்தேன். நரைத்த தலையோடு நித்யாவும் ஸ்ரீதரும் எதிரே வந்தார்கள். கூட ஆறடி உயரத்தில் அவர்கள் பிள்ளை.

"இவர்தாண்டா," என்று நித்யா அவனிடம் என்னைக் காட்டினாள். "சொல்வேனே, அப்பா என்னைப் பெண் பார்க்க வந்தன்னிக்கு..."

அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, நான் புத்தகம் கேட்கத்தான் வந்தேன். சத்தியமா. எட்டே பக்கம்."

"பரவாயில்லை அங்கிள்," என்று அவன் என் தோளில் கனிவாகத் தட்டிக் கொடுத்தான். "அம்மா பேர் கெட்டுடக் கூடாதுன்னு நீங்க அன்னிக்குப் புத்தகம்னு சொல்லி சமாளிச்சீங்கன்னு அப்பா என்கிட்ட சொல்லியிருக்கார்."