வாங்க ஆளில்லாத பட்டை

மதிப்பிற்குரிய தொகாஷி அவர்களுக்கு,

உனோஹாமா மினாதோ தெரு, கருவாட்டுக் கடை ஓனுகி இவாவோ தலை தாழ்த்தி எழுதுவது.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் புத்தாண்டுத் தொடரோட்டத்தில், மூன்றாவது ஆளாக ஓடிய நான் நாற்பது வினாடி பிந்தி வந்தேன். நான்காவது ஆளாகக் காத்திருந்த தங்கள் மகன் ரியோஹே, விதிப்படி என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் நிற்க வேண்டிய கோட்டில் நிற்காமல் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினேன். நடந்தது இவ்வளவுதான். பத்திரிகையில் வந்த படத்தை யாராவது தங்களுக்கு அனுப்பாமலா இருப்பார்கள்? அதில் வாயைப் பிளந்துகொண்டு கையைத் தூக்கியபடி ஓடுகிறவன் நான்தான். மறுப்பதற்கில்லை.

அங்கே குளிர் எப்படி, உடம்பு சுகமா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று என் மனைவி தொமிகோ பின்னால் நின்று சொல்கிறாள். சரக்கில் புழு விழுந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வானிலை பேசுவதுதான் என் வழக்கம். ஆகவே இப்போது கேட்கிறேன்: பனி கூரை வரைக்கும் வந்துவிட்டதா? தங்கள் முழங்கால் தேவலையா? வருஷக் கடைசியில் அனுப்பிய நெத்திலிக் கருவாடு தங்கள் துணைவியாருக்குப் பிடித்ததா? இந்தக் கடிதத்தைச் "சம்பந்தி அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அப்படி அழைக்க எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகம்.

இலையுதிர் காலத்தில் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒளிக்காமல் கேட்டேன். எனக்கு ஒரே மகள் சிஹோ; தங்களுக்கு ரியோஹே இரண்டாவது பிள்ளை. கல்யாணத்தோடு அவர் எங்கள் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, வீட்டு மாப்பிள்ளையாக வந்து, கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பையன் சொல்லட்டும் என்றீர்கள். பையன், "தொடரோட்டம் முடியட்டும் மாமா, அன்னைக்குச் சாயங்காலம் சொல்றேன்" என்றார். அந்தச் சாயங்காலம் அவர் எதுவும் சொல்லாமல் ரயிலேறிப் போய்விட்டார். ஒன்பது நாளாக ஒரு போன் இல்லை. சிஹோவுக்குக்கூட "வேலை இருக்கு" என்று இரண்டே வரி.

எங்கள் தெருவில் பாதிக் கடைகளுக்கு மேல் இரும்புக் கதவு இறங்கிவிட்டது, தாங்களே பார்த்தீர்கள். காலையில் கதவு தூக்கும் சத்தத்தை வைத்து யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் பார்ப்பதுண்டு. முன்பெல்லாம் தெருவின் ஓட்ட அணிக்கு ஆறு பேர் பொறுக்கச் சண்டையே நடக்கும். இந்த வருஷம் ஆறு பேர் தேறவில்லை. தங்கள் மகனை வெளியூர் ஆள் என்று பாராமல் சேர்த்தோம். அப்படியும் ஒரு இடம் காலி. அணித் தலைவர் முராகோஷி, மதுக்கடை வைத்திருக்கிறாரே, அவர் போன மார்ச் மாதமே என் கடைக்கு வந்து, "ஓனுகி, நீ மூணாவது ஓடு. வேற ஆளே கிடைக்கல, அதான் உன்னைக் கேக்குறேன்" என்றார். இந்த ஊருக்குச் சைக்கிளில் கருவாட்டுக் கூடையோடு வந்தவன் நான். இத்தனை வருஷத்தில் தெருக்காரர்கள் என்னை ஒரு காரியத்துக்கு அழைத்தது இதுதான் முதல் தடவை. அழைத்த தினுசைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

ஓடுவது என்றால் ஏதோ காலை மாற்றி மாற்றி வைப்பது என்று நினைத்தேன். தங்கள் மகன் வாராவாரம் வந்து சொல்லிக் கொடுத்தார். முதல் பாடமே எனக்கு ஏறவில்லை. வேகமாக ஓட வேண்டுமானால் மெதுவாக ஓடிப் பழகுங்கள் என்றார். "விலையைக் குறைச்சு வித்தா பணக்காரன் ஆகலாங்கிற மாதிரி இருக்கே மாப்ளே" என்றேன். "பேசிக்கிட்டே ஓட முடியுற வேகத்துல ஓடுங்க மாமா, மூச்சு வாங்கினா அது தப்பான வேகம்" என்றார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் நான் யாரோடு பேசுவது? சும்மா ஓடுவானேன் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டல்காரர்களிடம் ஆர்டர் எடுத்தபடி ஓடினேன். விலை பேசும்போது எனக்கு இரைத்தது. எதிர்முனையில் நூடுல்ஸ் கடைக்காரர் நான் அழுகிறேன் என்று நினைத்து, சொன்ன விலைக்கே ஒப்புக்கொண்டார். நல்ல பயிற்சி என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் அவர் மனைவி எங்கள் வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று விசாரித்துத் துக்கப் பணம் வைத்த கவரோடு வந்து நின்றார். தொமிகோ என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்தது விட்டு விட்டு ஓடுவது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை உயிரைக் கொடுத்து ஓடி, அதற்கடுத்த கம்பம் வரை தளர்நடை, மறுபடி ஓட்டம். கடல் சுவரோரமாக நல்ல இடம் பார்த்துத் தொடங்கினேன். என் உடம்பில் முப்பது வருஷக் கருவாட்டு வாசனை இருக்கிறது, குளித்தாலும் போகாது. துறைமுகத்துப் பூனைகள் மொத்தமும் பின்னால் வந்தன. பூனை துரத்தும்போது கால் தானாகப் போகிறது என்று முதலில் மகிழ்ந்தேன். ஆனால் பூனைக்கு வேகம் உண்டு, தம் கிடையாது. மூன்றாவது கம்பத்தில் உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து நானும் உட்கார்ந்துவிடுவேன். ரியோஹே ஒருநாள் தூரத்திலிருந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல யாரு யாருக்குப் பயிற்சி குடுக்குறாங்க?" என்றார். அன்றைக்குச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அவரோடு ஓடிய அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் எனக்கு வலிக்கிறது.

போட்டிக்கு முன்பு மாவுச்சத்து ஏற்ற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, புத்தாண்டு அரிசிப் பணியாரத்தை வீட்டில் இருந்தவரை சாப்பிட்டேன். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று தொமிகோ சொல்கிறாள். எழுதவில்லை.

போட்டி விதி தங்களுக்குப் புரியும். தாங்கள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் பட்டையை ஒருவர் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் பட்டை கருநீலம், தெருவின் பெயர் தைத்தது. சாலையைப் போக்குவரத்துக்குத் திறக்க வேண்டுமே, அதனால் ஒவ்வொரு மாறுமிடத்திலும் நேரக்கெடு உண்டு. அது தாண்டினால் துப்பாக்கி வெடிக்கும். முந்தைய ஆள் வந்தாலும் வராவிட்டாலும், காத்திருப்பவர்கள் ஆளுக்கொரு வெள்ளைப் பட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கள் கருநீலப் பட்டை ஒரு வருஷம்கூட அப்படி அறுந்ததில்லை. கடைசி இடத்தில் வருவோம், நொண்டிக்கொண்டு வருவோம், ஆனால் கையிலிருந்து கைக்குப் போகும். எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

எனக்குப் பட்டை சரியான நேரத்துக்கே வந்தது. பிந்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மூன்றாவது கட்டம் முழுக்க என் வாடிக்கையாளர்களின் தெருக்கள். வாசலில் நின்று கொடி ஆட்டுகிறார்கள், "ஓனுகி, விடாதே!" என்று கத்துகிறார்கள். நான் எப்படிக் குனியாமல் போவேன்? மீன் வறுவல் கடைக்காரருக்கு ஒரு வணக்கம், பள்ளிச் சமையற்கூடத்து அம்மாளுக்கு ஒரு வணக்கம், கடன் சொல்லி வாங்குகிறவருக்கும் ஒரு வணக்கம். ஓடிக்கொண்டே குனிந்தால் விழுவேன் என்று நின்று குனிந்தேன். வெந்நீர் ஊற்று விடுதி முதலாளியம்மாள் கிமோனோவில் சாலையோரம் நின்று இடுப்பு மடியக் குனிந்தார். அவர் வருஷத்துக்கு எவ்வளவு கடற்பாசி வாங்குகிறார் தெரியுமா? நான் அவரைவிடத் தாழக் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். நான் விடுவேனா? பின்னாலிருந்து யாரோ, "யோவ், கல்யாணப் பேச்சா நடக்குது? ஓடுய்யா!" என்று கத்தினார்கள். அந்த நாற்பது வினாடி எங்கே போனது என்று ஊரே தேடுகிறது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திவிட்டு வந்தேன்.

திருப்பத்தில் வரும்போதே துப்பாக்கி வெடித்தது. தங்கள் மகன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முதுகில் வெள்ளைப் பட்டை. கிளம்பிவிட்டார். அதில் குற்றமில்லை. வண்டி நேரத்துக்குக் கிளம்புவதைத் தாங்கள் தவறு என்பீர்களா? நான்தான் கோட்டில் நின்றிருக்க வேண்டும். கையில் சரக்கு இருக்கிறது, வாங்க வேண்டியவர் எதிரே போய்க்கொண்டிருக்கிறார். என் வியாபாரத்தில் அப்படி ஒருவரை நான் போகவிட்டதே இல்லை. யோசிக்கவில்லை, தொகாஷி அவர்களே. பட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, இந்தா! இந்தா!" என்று ஓடினேன். நான் கத்தக் கத்த, உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் இன்னும் வேகமாகப் போனார். அவர் வேகமாகப் போகப் போக நானும் வேகமாகப் போனேன். பத்து மாதம் தலைகீழாக நின்றும் வராத வேகம், என் ஓட்டம் முடிந்த பிறகு வந்தது. நடுவில் வேறொரு அணிக்கு ஓடிய பள்ளிக்கூடப் பெண்ணை முந்தினேன், பத்திரிகைப் படம் அங்கே எடுத்ததுதான். கடைசியில் மிதிவண்டியில் வந்த ஓட்டச் சங்கத்து அதிகாரி ஒருவர் என் சட்டையைப் பிடித்து, "ஐயா, உங்க ஓட்டம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இன்னும் காதில் கேட்கிறது.

வெள்ளைப் பட்டையோடு முடித்திருந்தால் பட்டை அறுந்த வருத்தத்தோடு போயிருக்கும். ஓட்டப் பாதையில் நான் புகுந்ததால் எங்கள் அணியின் கணக்கையே அடித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் ஓடிய மூன்று பேரும் ஓடவே இல்லை என்று ஆகிவிட்டது. அன்றைய விருந்தில் யாராவது என்னைத் திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும். எல்லோரும், "நல்லா உழைச்சீங்க, நல்லா உழைச்சீங்க" என்று கிண்ணத்தை நிரப்பினார்கள். முராகோஷி மட்டும், "ஓனுகி, நீ ஓடின தூரத்துக்கு உனக்கு ரெண்டு கட்டம் குடுத்திருக்கணும்ப்பா" என்றார். பட்டையை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து, துவைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலி முதுகில் போட்டிருக்கிறேன்.

ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். ஒருவரைத் துரத்திக்கொண்டு போய்க் கையில் திணிப்பதற்குப் பட்டையும் சரி, கடையும் சரி, பெயரும் சரி, ஏற்றவை அல்ல என்று புரிந்துகொண்டேன். இலையுதிர் காலத்தில் கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். தங்கள் மகன் தொகாஷியாகவே இருக்கட்டும். சிஹோவை மணக்க அவருக்கு இன்னும் மனமிருந்தால், அவள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டு அங்கே வரட்டும். மனமில்லை என்றாலும் தங்கள் வீட்டின் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. கடை என்னோடு முடியும். இனி நான் ஓடப் போவதும் இல்லை. ஓட்டக் காலணியை முராகோஷியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு பனி வாருகிறார்.

தங்கள் வீட்டுக் கூரை இந்தக் குளிரைத் தாங்கட்டும். தங்கள் முழங்கால் மாடிப்படியை மன்னிக்கட்டும். துணைவியாருக்கும் மூத்த மகன் குடும்பத்துக்கும் எங்கள் இருவரின் தாழ்ந்த வணக்கங்கள்.

இப்படிக்கு,
ஓனுகி இவாவோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் மகன் வந்து நிற்கிறார். கையில் ஊன்றுகோல். தொமிகோ, "ஐயோ, என்ன ஆச்சு?" என்று ஓடினாள். "மாமா போட்ட சத்தத்துல தாறுமாறா ஓடிட்டேன் அத்தை, கெண்டைச் சதை கிழிஞ்சுபோச்சு" என்கிறார். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "நீங்க திருப்பத்துல வர்றதை நான் பார்த்தேன் மாமா. கொஞ்சம் பொறுங்கன்னு ஓட்டச் சங்கத்துக்காரங்ககிட்ட கெஞ்சியிருக்கணும். கெஞ்சாம கிளம்பிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போன் பண்றது?" என்றார். நான் தவறு என்னுடையது என்றேன், அவர் இல்லை தன்னுடையது என்றார், நான் குனிந்தேன், அவர் ஊன்றுகோலோடு குனிந்தார். சிஹோ நடுவில் வந்து நின்று, "போதும், ரெண்டு பேரும் நிமிருங்க! என் கல்யாணத்தை வச்சு நீங்களே கேக்குறீங்க, நீங்களே வேணாங்குறீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அப்பா?" என்றாள். நான் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "கையில குடுக்கத் தெரியாம, வேணாம்னு எழுதுறது சுலபம்" என்றாள். ஆகையால் மேலே எழுதியதில் நலம் விசாரிப்பைத் தவிர மற்றதெல்லாம் செல்லாது. காலணியைத் திரும்ப வாங்கி வரச் சிஹோவே கிளம்பிவிட்டாள். அவள் விதித்து, நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்டது இது: அடுத்த ஜனவரியில் நான் மறுபடி மூன்றாவது ஆள், ரியோஹே நான்காவது. முராகோஷியிடம் கெஞ்ச வேண்டியது என் பொறுப்பு. வழியில் நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு எனக்குப் பதிலாகத் தொமிகோவும் சிஹோவும் குனிவார்கள். துப்பாக்கி வெடிப்பதற்குள் பட்டை அவர் கைக்குப் போனால் அவர் ஓனுகி ஆவார், கடை அவருடையது. போகாவிட்டால் சிஹோ தொகாஷி ஆவாள், கடை என்னோடு சரி, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எது நடந்தாலும் கல்யாணம் பிப்ரவரியில். கோட்டைத் தாண்டி நான் ஓரடி வைத்தாலும் கொடுக்காத கணக்கே.