ஒரு பட்டத்தின் சேத மதிப்பீடு

மதிப்பீட்டாளர் செய்த முட்டாள்தனம் சாப்பாட்டு மேசையில், மகளின் முழங்கைக்கு அடியில் கிடந்தது. அவள் அதன் பின்பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.

மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தரலாம் என்று படிவத்தில் எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். வீணாய்ப்போன படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே மகள் அவற்றின் பின்பக்கத்தில்தான் எழுதிப் படித்தாள்.

அன்று மதியம் கடுப்பில், மகள் சேரத் துடிக்கும் படிப்பையே ஒரு படிவத்தில் ஏற்றிவிட்டார். வாகனம்: மக்கள் உரிமைப் பணிப் பட்டம். விபத்துக்குக் காரணம்: ஓட்டுநரின் பிடிவாதம். பழைய இரும்பு விலை: ஒன்றுமில்லை. முடிவு: முழு இழப்பு. கீழே கையொப்பம் வேறு. சிரித்துவிட்டுக் கிழிக்கப்போன நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். படிவம் வீணான தாள்களோடு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்தப் படிப்பு எதற்கென்று அவர் ஏற்கெனவே விசாரித்திருந்தார்.

"வக்கீல் படிப்பாம்மா?"

"இல்லப்பா. வக்கீல் வைக்க வழியில்லாதவங்களுக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கிப் பேசுறது."

"அவங்க காசு குடுப்பாங்களா?"

"காசு இருந்தா வக்கீலே வச்சுக்க மாட்டாங்களா?"

வீட்டுச் சேமிப்பில் பாதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான்.

மகள் தாளைத் திருப்பினாள். வரி வரியாகப் படித்தாள். "கையெழுத்து அழகா இருக்குப்பா," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

"பெத்த பொண்ணோட ஆசைக்குப் பழைய இரும்பு விலைகூடப் போடல," என்றாள் மனைவி. "நல்ல அப்பா."

மதிப்பைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டினால் மகள் சமாதானமாவாள் என்று நினைத்தார். அதற்கு ஆதாரம் வேண்டுமே. கல்லூரிக்குப் போன் செய்தார். சமுதாயத்துக்கு அந்தப் படிப்பு எவ்வளவு அவசியம் என்று அவர்கள் பத்து நிமிஷம் பேசினார்கள். சம்பளம் என்ற சொல் மட்டும் வரவில்லை. கடைசியில், அங்கே படித்து முடித்த ஒருவரின் எண்ணைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

அந்த மனிதரிடம் சுற்றி வளைக்காமல், மாசம் எவ்வளவு வருகிறது என்று கேட்டார்.

"மாசாமாசம் வருதான்னு கேளுங்க சார். அதுதான் சரியான கேள்வி," என்றார் அவர். பிறகு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், அது எப்படிப் போகிறது என்று மெதுவாகக் கேட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. மதிப்பீட்டாளர் மடை திறந்தார். நசுங்கிய வண்டியைப் பார்த்து முழு இழப்பு என்று தான் எழுதுவதையும், மேலாளர் அதைத் திருப்பியடிப்பதையும், பணம் குறையும்படி வேறு படிவத்தில் சிறு சேதம் என்று மாற்றி எழுதிக் கொடுப்பதையும், வண்டிக்காரர் முகத்தைப் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியேறுவதையும் அரை மணி நேரம் கொட்டினார். போனை வைத்துத் திரும்பினால், கதவோரம் தண்ணீர்ச் சொம்போடு மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆதாரம் கிடைக்காவிட்டால் என்ன, பேனா கையில்தானே இருக்கிறது. மறுநாள் புதுப் படிவம் எழுதி மகள் மேசையில் வைத்தார். முடிவு: பழுது நீக்கத்தக்கது.

அவள் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்தாள். "இதுல எதுப்பா நிஜம்?"

"அனுபவம் உள்ளவன் முதல்ல எழுதுறதுதாம்மா எப்பவும் நிஜம்," என்றார் தொழில் பெருமையில். சொல்லி முடித்த பிறகுதான், முதல் படிவத்தில் என்ன எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது.

மகள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. பரணிலிருந்த பழைய பெட்டிகளை இறக்கினாள். காலையில் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பினாள். எங்கே போகிறாள் என்று மனைவியிடம் கேட்டால், "அப்பா கிட்ட எதுவும் சொல்லாதே" என்றாளாம் தாயிடம். வேறு வீடு பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார் மதிப்பீட்டாளர். ஒரே மகள். ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் கைப்பட எழுதிய படிவம் தொடர்பாக மாதக் கடைசி நாளன்று நேரில் வர வேண்டும். அந்த விளையாட்டுப் படிவம் எப்படியோ மேலே போய்விட்டது. இனி மகளும் இல்லை, வேலையும் இல்லை.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மதிப்பீட்டாளர் உட்கார்ந்ததுமே ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் நகர்த்தி, "முதல்ல குடிங்க," என்றார். சீட்டைக் கிழிக்கும் முன் காட்டும் மரியாதை என்று எண்ணிய மதிப்பீட்டாளர், குடித்த கையோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மகளின் படிப்பு, பழைய இரும்பு விலை, ஓட்டுநரின் பிடிவாதம், எதையும் விடவில்லை.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

உள்ளே பதினேழு படிவங்கள், கடைசி இரண்டு வருஷத்தில் மேலாளர் திருப்பியடித்து வீணாய்ப்போனவை. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தில் முழு இழப்பு. பின்பக்கத்தில் இயற்கணிதம், ஒன்றின் மூலையில், மீசை வைத்த அவருடைய முகம். கூடவே பதினேழு வண்டிக்காரர்களின் கையொப்பத்தோடு மகள் எழுதிய மனு.

'அனுபவம் உள்ளவர் முதலில் எழுதுவதுதான் நிஜம் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றவாளியாக அழைக்காதீர்கள், சாட்சியாக அழையுங்கள். பயப்படுவார். முதலில் தண்ணீர் கொடுங்கள்.'

அவருக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"பதினேழு பேருக்கும் பாக்கிப் பணத்தைக் குடுத்துடச் சொல்லியாச்சு," என்றார் அதிகாரி. "உங்க மேலாளர் பக்கத்து ரூம்ல இருக்கார். அவருக்குத் தண்ணி குடுக்கச் சொல்லி யாரும் எழுதல."

மதிப்பீட்டாளர் சட்டைப் பையிலிருந்து கல்லூரியின் கட்டணச் சீட்டை எடுத்தார். மடித்து மடித்து அது கந்தலாகியிருந்தது.

"மேடம், மூணு வாரமா கேட்டுட்டிருக்கேன், ஒருத்தரும் நேரா பதில் சொல்லல. இன்னைக்குத்தான் கடைசி நாள். இந்தப் படிப்புக்கு இவ்வளவு பணம் கட்டலாமா?"

அதிகாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். மனுவை இன்னொரு முறை பார்த்தார். கோப்பை மூடினார்.

"சுத்த வீண் செலவு சார். உங்க பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்க அங்க இன்னும் என்ன பாக்கி இருக்கு?"