ஐஸ் ஃபேக்டரியில் ஹார்ட் மாற்றியது

அன்று ஐஸ் ஃபேக்டரி ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள்: முதலாளி காசிம் பாய். எனக்கு மாமனாராக வரவேண்டிய நாகப்பன், கையில் நிச்சயத் தாம்பூலத் தட்டோடு. அவர் மனைவி, மடியில் சாத்துக்குடியோடு. அவர்கள் மகன் ஏழுமலை. மகள் மல்லிகா, எனக்கு நிச்சயித்த பெண். நான் உள்ளே இருந்தேன். கதவு சாத்தியிருந்தது.

நான் அதிகம் பேச மாட்டேன். ஆறாவதோடு படிப்பு நின்றது. பிறகு போட் இன்ஜின், அதன் பிறகு ஐஸ் மெஷின். இரண்டிலும் சத்தம் அதிகம். பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதுவே பழக்கமாகிவிட்டது. (அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எண்பதுகளின் கடைசி. பழவேற்காட்டில் இறால் வாங்கி, ஐஸ் போட்டு மெட்ராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காசிம் பாய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எந்தப் படகு எத்தனை கிலோ இறால் போட்டது என்று அதில் ஏற்றுவார்கள். அதற்கென்று ஆபீசில் ஓர் அறையை அடைத்து ஏசி போட்டார். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊரில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அடுத்து அந்த மரியாதை அதற்குத்தான்.

ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. மெட்ராஸ் கடைக்காரர் போனில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றாராம். அனுப்ப ஆள் இல்லை, ஸ்குரு கழற்றத் தெரிந்தவன் யாராவது பழையதை எடுத்து வந்தால் மாற்றச் சொல்லித் தருகிறோம் என்றாராம்.

ஸ்குரு கழற்றத் தெரிந்தவன் நான்.

கழற்றினேன். செங்கல் அளவு, செங்கல் கனம். அதிர்ந்தால் உள்ளே இருப்பது மொத்தமும் போகும் என்று பாய் பயமுறுத்தியிருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது துண்டில் சுற்றி, சட்டைக்குள் விட்டு, இடது மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தேன்.

படகுத்துறையில் ஏழுமலை வலையோடு நின்றிருந்தான்.

“இன்னா மச்சான், நெஞ்சப் புடிச்சினு எங்க கெளம்பிட்ட?”

“ஹார்ட் போயிடுச்சு. மாத்தணும். மெட்ராஸ் போறேன்.”

அவன் கையிலிருந்த வலை கீழே விழுந்தது. வலிக்குதா என்று கேட்டான். கை வலிக்கிறதா என்று கேட்கிறான் போல என்று எண்ணி, இல்லை என்று தலையாட்டினேன். முழங்கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினான். உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு இடம் பிடித்துக் கொடுத்தான். கண்டக்டர் காதில் ஏதோ சொன்னான். திருப்பாலைவனம் வரை பஸ் மாட்டுவண்டி மாதிரி போனது. பள்ளம் வந்தால் கண்டக்டர் முன்னாலேயே டிரைவரிடம் சொன்னார். கம்ப்யூட்டர் சாமானுக்கு இந்தப் பக்கத்தில் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். பொன்னேரியில் இறங்கும்போது கண்டக்டர் தைரியமாக இருக்கச் சொன்னார். சரி என்றேன்.

மெட்ராசில் பாடம் அரை மணி நேரம். பட்டை வயர் இரண்டு. கரண்ட் வயர் ஒன்று. திருகாணி நாலு. வயரில் சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் மாறக் கூடாது. புதியதையும் பழையதையும் சேர்த்து அணைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பினேன். நேராக ஏசி அறை.

ஏழுமலை சும்மா இருப்பானா. அப்போதே படகு தள்ளி அக்கரைக் குப்பத்தில் தன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாமாவுக்கு ஒரே பெண். தட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்கு முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தார்கள். (அவர்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் தட்டை எடுத்திருப்பேன்.)

வாசலில் நடந்ததெல்லாம் மல்லிகா பிறகு சொன்னது.

நான் எங்கே என்று மாமா கேட்டிருக்கிறார். பாய் மூடிய கதவைக் காட்டி, உள்ளே வேலை நடக்கிறது, கதவைத் திறக்கக் கூடாது, தூசி பட்டால் போச்சு என்றிருக்கிறார். வாசலில் என் செருப்பு. கதவிடுக்கில் ஏசிக் குளிர். மெட்ராஸ் ஆஸ்பத்திரியை விட்டு இங்கே எதற்கு என்று அத்தை கேட்க, ஏழுமலை விளக்கினானாம்:

“ஐஸ் இல்லன்னா கெட்டுடும்மா. அதான் இங்க வச்சுப் பண்றாங்கோ.”

மீன் தெரிந்தவர்கள். அது சரி என்றே அவர்களுக்குப் பட்டது.

“எப்புடி பாய் போச்சு?” என்றாராம் மாமா.

“உப்புக் காத்து நாகப்பா. இதுல எந்த ஹார்ட் தாங்கும்?”

மாமா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம்.

“புச்சு எத்தினி நாளு ஓடும்?”

“ஆறு மாசம் கேரண்டி. அதுக்கு மேல ஓடினா நம்ம நல்ல நேரம். ஆனா பழசு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எல்லாம் முதல்லேந்து ஏத்தணும்.”

“மல்லிகா?”

மாமாவின் படகுக்குப் பெண்ணின் பெயர்தான். அவர் படகைக் கேட்கிறார் என்று பாய் நினைத்தார்.

“அதுவும் அழிஞ்சிருக்கும். திருப்பி ஏத்திக்கலாம். இன்னா பெரிய விஷயம்?”

அத்தை அழ ஆரம்பித்தாராம்.

உள்ளே எனக்கு எதுவும் தெரியாது. நாலு திருகாணியும் முடுக்கிவிட்டேன். டப்பாவின் தகட்டு ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. கட்டை விரல் கிழிந்தது. பழையதைச் சுற்றியிருந்த துண்டிலேயே துடைத்தேன். சுவிட்சைப் போட்டதும் உர்ரென்று சத்தம் வந்தது.

வெளியிலிருந்து பாய் கேட்டார். “ஓடுதா?”

“ஓடுது.”

அத்தை கதவைப் பார்த்துக் கும்பிட்டாராம்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். விரலில் ரத்தம். கையில் ரத்தத் துண்டில் சுற்றிய ஒரு கனமான பொட்டலம். பாயிடம் நீட்டினேன்.

“பழசு,” என்றேன்.

மாமா தட்டோடு தரையில் உட்கார்ந்தார். அத்தையின் மடியிலிருந்த சாத்துக்குடிகள் என் காலுக்கு உருண்டு வந்தன. கொந்தளிப்பில் கட்டுமரம் தள்ளுகிற ஏழுமலை வாசல் கேட் வரை ஓடிவிட்டான். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பழக்கம்.

மல்லிகா முன்னால் வந்து பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். விரலால் தட்டினாள்.

“இரும்பு,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இதுவா போச்சு?”

தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லு.”

“இதுதான்.”

“உன்னுது?”

“நல்லா இருக்குது.”

பாய்க்கு அப்போதுதான் புரிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு நிமிஷம் எல்லோரும் அவரைக் கவலையோடு பார்த்தார்கள்.

மாமா எழுந்தார். முகம் இறுகியிருந்தது. தட்டை என் பக்கம் நீட்டினார்.

“ஹார்ட்டு இருக்குது, செரி. வாயி இல்லியே. வாயில்லாதவனுக்கு எப்புடிப் பொண்ணு குடுக்குறது?”

எனக்கு அப்போதுதான் உண்மையாக நெஞ்சு வலித்தது.

மல்லிகா குனிந்து சாத்துக்குடிகளைப் பொறுக்கினாள்.

“வாயி எனுக்கு இருக்குதே நைனா. தட்ட எடு, போலாம்.”

போகும்போது ஒரு சாத்துக்குடியை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பாய் அன்றே கம்ப்யூட்டரில் படகுகளைத் திரும்ப ஏற்றினார். முதலில் ‘மல்லிகா’. அந்த டிஸ்க் மூன்று வருஷம் ஓடியது. நாங்கள் இன்னும் ஓடுகிறோம்.

வீட்டில் நான் பதில் சொல்லத் தாமதித்தால், “இருங்கோ, ஹார்ட் மாத்தினு இருக்காரு,” என்பாள் வந்தவர்களிடம். உடனே கதையைக் கேட்பார்கள். அவளே சொல்வாள். முடிக்கும்போது, துறையில் நான் ஏழுமலையிடம் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிக் காட்டுவாள்.

ஐந்து.