கங்காருப் பைக்குள் நிற்காத மொச்சை

‘மாதிரி வகுப்பு: எட்டாம் வகுப்பு. பாடம்: கங்காரு, அதன் உடலமைப்பும் பழக்கங்களும்.’ 1974இல் தூத்துக்குடிப் பள்ளி ஒன்றிலிருந்து எனக்கு வந்த தபால் அட்டையில் இருப்பது இவ்வளவுதான். (முத்திரையில் ஆண்டு தெளிவு, மாதத்தின் மேல் மை பரவிவிட்டது. ஜூலை என்கிறது என் டைரி. நான் டைரியின் கட்சி.)

இந்த ஆசிரியர் வேலையும் கிடைக்காவிட்டால் உடன்குடியில் மாமாவின் கருப்பட்டிக் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே நான்கு நாள் நூலகத்திலேயே கிடந்தேன். கங்காருவுக்கே தெரியாததையெல்லாம் படித்தேன். ஆளுயரத் தாய்க்குப் பிறக்கும் குட்டி ஒரு மொச்சை அளவுதான். கண் திறக்காத அது, முன்னங்கால்களால் தாயின் ரோமத்தைப் பற்றித் தானே ஏறிப் பைக்குள் போய்விடும். உள்ளே முலைக்காம்பைக் கவ்வியதும் காம்பு வாய்க்குள் பருத்து இறுகிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் அங்கேதான் வாசம்.

சிக்கல் அந்தச் சொல்லில் இருந்தது. நாற்பது பிள்ளைகள், பாதிப் பேர் பெண்கள், பின்பெஞ்சில் தலைமையாசிரியை. இருபத்திரண்டு வயதுவரை அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. குறிப்பேட்டில் அதை அடித்துவிட்டு, ‘உள்ளே பத்திரமாக இருக்கும்’ என்று எழுதிக்கொண்டேன்.

கங்காருவின் பையாகக் காட்ட, எங்கள் தெருவில் இருந்த சங்கு குளிக்கும் சேவியர் அண்ணனிடம், அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும் வலைப்பையை இரவல் வாங்கினேன்.

வகுப்பில் அதைச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டேன். ஒரு மொச்சையை வயிற்றின்மேல் மெல்ல ஏற்றிப் பைக்குள் விட்டேன். பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவும் விதத்தைக் காட்ட ஒரு குதி குதித்தேன். மொச்சை தரையில் கிடந்தது. எடுத்துப் போட்டு மறுபடி குதித்தேன். மறுபடியும் தரை. மூன்றாம் முறை முன்வரிசைப் பெண் ஒருத்தி அதைப் பொறுக்கி என் கையில் வைத்து, “சார், குட்டி செத்துப் போச்சா?” என்று நிஜமான துக்கத்தோடு கேட்டாள்.

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். “தம்பி, அது நாள் பூரா குதிச்சுக்கிட்டேதான அலையுது. குட்டி விழாம எது பிடிச்சுக்கிட்டு இருக்கு?”

எனக்கு விடை தெரியும். எழுதி, அடித்தும் வைத்திருக்கிறேன். வாய்தான் திறக்கவில்லை. வேர்த்து ஊற்றியது. (வெயிலில் கங்காரு தன் முன்கைகளை நக்கிக் குளிர்வித்துக்கொள்ளும். எனக்கு அந்த வசதி இல்லை.) கருப்பட்டிச் சிப்பங்கள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்:

“முலைக்காம்பு!”



“சரி. அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்? மேல சொல்லுங்க” என்றார் அவர்.

மேலே என்ன சொன்னேன் என்று டைரியில் இல்லை. பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்ததைச் சொன்னேன். சேவியர் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. “சின்னச் சங்கு நழுவிக் கடலுக்கே போகட்டும்னுதாம்லே வலைக் கண்ணப் பெருசா விட்டுப் பின்னியிருக்கு. அதுல மொச்சை தங்குமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

மறுவாரம் வேலை உத்தரவு வந்தது. நான் கத்திய அன்றைக்குப் பக்கத்து அறையில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர், இரண்டு வருஷம் கழித்து என் மனைவியானாள். வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுத்த கையோடு, “இவுக வாயில இருந்து நான் மொதமொதல்ல கேட்ட வார்த்தை என்னன்னு கேளுங்க” என்று ஆரம்பித்துவிடுவாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அந்தச் சத்தத்தில் பள்ளி வாசலில் நின்ற குதிரைவண்டியின் குதிரை மிரண்டது என்பதும் அவள் கூற்று. வண்டிக்காரர் யாரென்று கண்டுபிடிக்க முடியாததால், இது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.