கமலாக்ஷிக்கு, ரெஜிஸ்ட்ரி பழுதான விவரம்

மட்டாஞ்சேரி,
துலாவர்ஷம் விடாமல் பெய்யும் ஒரு வியாழக்கிழமை

சௌபாக்கியவதி கமலாக்ஷிக்கு வெங்கிடாசலம் அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வீடும் மழையும் க்ஷேமம். அங்கு நீயும், சிரஞ்சீவி சுதீரும், மாட்டுப்பெண்ணும், குழந்தை அதிதியும், டொரொண்டோக் குளிரும் அவ்வண்ணமே இருப்பதாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்ல நினைத்தேன். நீ "சாப்பிட்டேளா?" என்று கேட்டு முடிப்பதற்குள் குழந்தை அழுதாள். நான் "ஆச்சு" என்றது உனக்குக் கேட்டதோ இல்லையோ, லைன் போய்விட்டது. ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். சுதீர் இங்கே விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் பழுதாகி, இப்போது சரியாகிவிட்டது. நடுவில் நடந்ததுதான் விஷயம்.

குழந்தையின் போட்டோ அனுப்பியிருப்பதாக சுதீர் சொன்னான் அல்லவா, அதைப் பார்க்கத்தான் பெட்டியைப் போட்டேன். படம் நெற்றி வரை வந்து நின்றுவிட்டது. பேத்தியின் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நேரம் உட்கார முடியும்? அடுத்த வீட்டு வெங்கிடேஸ்வரனிடம் போய்ப் புலம்பினேன். அவர், "ஓய், உள்ளே ரெஜிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு. வேண்டாததெல்லாம் அதுலதான் அடைஞ்சு கிடக்கும். களைஞ்சுட்டா பறக்கும் பாரும்" என்றார். அதைத் திறக்கும் வழியையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, மகளைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறிவிட்டார். நான் ஏலூர் உரக் கம்பெனி ஸ்டோர்ஸில் ஆயுசில் பாதியைக் கழித்தவன். வேண்டாத சாமானைக் கழித்துக்கட்ட எனக்கா சொல்லித்தர வேண்டும்? திறந்தேன். உள்ளே பெயர், பெயருக்குள் பெயர், அதற்குள்ளும் பெயர். ஒன்றாவது எனக்குத் தெரிந்த பெயர் இல்லை. தெரியாதவர்களுக்கு நம் வீட்டில் என்ன வேலை என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் அது "நிச்சயமாகவா?" என்று கேட்டது. அன்றைக்கு என்னிடம் யாராவது ஏதாவது கேட்டார்கள் என்றால் அது ஒன்றுதான். அதனால் நானும் மரியாதையாகவே பதில் சொன்னேன்.

மறுநாள் பெட்டியைப் போட்டால், ரெஜிஸ்ட்ரியில் பிழை, திரும்பத் துவக்கிச் சரிசெய்கிறேன் என்றது. சரி என்றேன். அணைந்து, துவங்கி, மறுபடியும் அதையே சொன்னது. மறுபடியும் சரி என்றேன். விளக்கேற்றும் வரை நாங்கள் இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு தோப்பும்படிக்கு பஸ் ஏறி, டிவியும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் செய்யும் பிஜுவைப் பிடித்தேன். உனக்குத் தெரிந்தவன்தான், கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் வேலனின் மூத்த மகன். இப்போது பாதித் தலை வழுக்கை. வந்து உட்கார்ந்ததும், "சாரே, ரெஜிஸ்ட்ரி அடிச்சுப் போச்சு கேட்டோ. உள்ள போயி ஏதாச்சும் களைஞ்சீங்களா?" என்றான்.

"கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நீ பார்ப்பாயே, அதே பார்வை.

கறுப்புத் திரையில் என்னவோ அடித்தான். சில தேதிகள் வந்தன. இந்த இயந்திரம் நன்றாக இருந்த நாட்களின் ரெஜிஸ்ட்ரியைத் தானே எடுத்து வைத்திருக்குமாம், எந்த நாள் வேண்டும் என்று சொன்னால் அதற்குத் திரும்பிப் போகுமாம். நீ போன பிறகு நான் பெட்டியை அதிகம் போட்டதில்லை, அதனால் வரிசையின் அடியில் கடைசியாகக் கிடந்த பழைய தேதி நீ விமானம் ஏறிய நாள். அன்று காலை சுதீர் இதில் உட்கார்ந்து டிக்கெட் விவரம் பார்த்தான். நீ ஊறுகாய் டின்னுக்கு இன்னொரு கவர் போட வேண்டும் என்று, கட்டின பெட்டியை அவிழ்த்துக் கட்டி, கட்டி அவிழ்த்து, என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

"மேல உள்ளது போதும் சாரே. கடைசி ரொம்பப் பழசாக்கும், எடுத்தா எடங்கேறாகும், வேற தொல்லை வரும்."

"கடைசிதான் வேணும்" என்றேன்.

எடுத்தான். பெட்டி உயிர் பிடித்தது. ஆனால் அந்தத் தேதிக்கு அப்புறம் மாட்டிய புது மோடம் அதற்கு ஞாபகமில்லை, இன்டர்நெட் போயே போச்சு. அதற்கான டிஸ்க்கைத் தேடிக்கொண்டு பிஜு மறுநாள் வந்தான், வேறு டிஸ்க் என்று போனான், அடுத்த நாளும் வந்தான். வந்தவனைப் பட்டினியாக அனுப்புவதா? பருப்பும் தேங்காயும் சேர்த்து, காரமே இல்லாமல் மிளகூட்டல் பண்ணிப் போட்டேன். "சாரே, இது கறியா பாயசமா?" என்றான். அடுத்த நாள் அவன் அம்மாவிடம் சொல்லிக் கப்பைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்துவிட்டான். சாப்பிட்டுக்கொண்டே தோப்பும்படியில் யார் யாரோடு சண்டை என்பதையெல்லாம் சொன்னான். எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் படம் வந்தது. மேலிருந்து கீழாக, முதலில் அந்த நெற்றி, அது குழந்தையுடையதே இல்லை, உன்னுடையது, அப்புறம் நீ சிரிப்பது, அப்புறம் உன் மடியில் அதிதி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலில் சாக்ஸோடு, யாரோ பெரிய ஆபீஸர் சம்சாரம் மாதிரி இருக்கிறாய்.

"அம்மா எப்ப வருவாங்க சாரே?" என்றான் பிஜு.

"வருவா" என்றேன்.

பையைத் தூக்கித் தோளில் போட்டவன், அதை மறுபடி கீழே வைத்துவிட்டு, "ஒரு சாயா கூட ஆவலாம்" என்றான். போட்டுக் கொடுத்தேன்.

ஆக, இங்கே ஒரு குறையும் இல்லை. குழந்தை உன்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று சுதீர் சொல்கிறான். தைப் பொங்கல் கழிந்து, அங்கே பனியும் குறைந்த பிறகு மெதுவாகக் கிளம்பினால் போதும். டிக்கெட்டைத் தள்ளிப் போட நான் சம்மதித்ததாக அவனிடம் சொல்லிவிடு. நான் தனியாக இருந்து பழகிக்கொண்டேன். குழந்தைக்கு என் முத்தங்கள். மாட்டுப்பெண்ணுக்கும் சுதீருக்கும் ஆசீர்வாதம். காலில் சாக்ஸைக் கழற்றாதே.

இப்படிக்கு,
வெங்கிடாசலம்

பி.கு.: இதை ஒட்டி வைத்து நாலைந்து நாளாகிறது, மறுபடி பிரித்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுகிறது. அதனால் பிஜு வருவதில்லை. இன்று காலை அவனுக்குப் போன் செய்து, பெட்டி மறுபடியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வருகிறான். அரிசி களைந்து வைத்தாயிற்று, ப்ளக்கையும் பிடுங்கி வைத்திருக்கிறேன். டிக்கெட் விஷயத்தை சுதீரிடம் சொல்லாதே.