தொப்பென்று மூட வேண்டிய கதவு

"டமார்!"

கார்க் கதவைச் சாத்திய வாடிக்கையாளர், கெட்ட வார்த்தை காதில் விழுந்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது? பிஸ்கட் டப்பா மாதிரி சத்தம் போடுது!"

விற்பனையாளர் பதறி ஓடிவந்தார். காலையில்தான் மேனேஜர் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு வண்டியாவது ஷோரூமை விட்டு வெளிய போகணும். இல்லேன்னா நீ போகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் கத்தினால் மறந்துவிடுவார், சிரித்தால் சொன்னதைச் செய்துவிடுவார். ஷோரூமில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

அன்றைக்கு வந்திருந்ததோ இந்த ஒரே குடும்பம். கதவைச் சாத்திய அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். கூடவே அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். நுழைந்ததுமே தலைமையாசிரியர் மனைவியைக் காட்டிச் சட்டத்தை அறிவித்துவிட்டார். "வண்டி இவ பேர்லதான். கையெழுத்து இவ போடுவா. முடிவு நான் எடுப்பேன்."

அதுவரை வாயே திறக்காத அந்த அம்மா, "சத்தம் நல்லாத்தானேங்க இருக்கு?" என்றார் மெதுவாக.

"உனக்கு என்ன தெரியும்? நல்ல வண்டின்னா கதவு 'தொப்'புனு மூடணும். அதுலயே தரம் தெரிஞ்சிடும்."

"கரெக்டாச் சொன்னீங்க சார்!" என்றார் விற்பனையாளர். வேறு என்ன சொல்வார், பாவம்! பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிற ஆளை அவர் இதுவரை கண்டதில்லை. கதவைச் சாத்துவார்கள், டேஷ்போர்டைத் தட்டுவார்கள், சீட்டை முகர்ந்து பார்ப்பார்கள், தீர்ப்பை எழுதிவிடுவார்கள். பொறியாளர்கள் ராப்பகலாக மூளையைக் கசக்கியதெல்லாம் அம்போ.

"உள்ள காத்து அடைபட்டிருக்கு சார், அதான்" என்று ஓடிப்போய் எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டார்.

"டப்!"

"பரவால்ல" என்று உள்ளே உட்கார்ந்தபடி தலைமையாசிரியர் தலையசைத்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "அடடா! அந்தக் கண்ணாடி வழியா தெருவே உள்ள வந்து உக்காந்துடுச்சே!"

"இறங்கித் தண்ணி குடிங்க சார், இதோ வந்துடறேன்" என்று வண்டியைப் பின்கட்டுப் பட்டறைக்கு ஓட்டினார் விற்பனையாளர்.

"சத்தம் வராம கதவுக்குள்ள ஒட்டற ரப்பர் ஷீட் இருக்கா?"

"தீர்ந்துபோச்சுண்ணே" என்றார் மெக்கானிக்.

விற்பனையாளரின் கண் மேனேஜர் அறை வாசலில் கிடந்த மிதியடி மேல் விழுந்தது. நல்ல தடிமன். மெக்கானிக் "ஐயோ அண்ணே, அது மேனேஜரோட..." என்று பதறுவதற்குள் அது இரண்டு துண்டாகி, முன்கதவு இரண்டுக்குள்ளும் போய்விட்டது.

"தொப்!"

தலைமையாசிரியரின் புருவம் உயர்ந்தது. மறுபடி சாத்தினார். "தொப்!" கண்ணாடியை இறக்கப் பார்த்தார். அது பாதியில் நின்று முனகியது.

"இது ஏன் நிக்குது?"

"பாதுகாப்பு சார். குழந்தைங்க கையை வெளிய நீட்டாம இருக்கத்தான்."

"எங்க வீட்டுல குழந்தை இல்லையே?"

"இனிமே..." என்று தொடங்கிய விற்பனையாளர், தலைமையாசிரியரின் முறைப்பைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நல்லவேளை, அவர் அதற்குள் பின்கதவுக்குப் போய்விட்டார். "டமார்! முன்னாடி தொப்பு, பின்னாடி டமாரா? ஒரு வண்டிக்கு ரெண்டு குரலா?"

மறுபடி பட்டறை. மிதியடி தீர்ந்துபோனது. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று விற்பனையாளர் வரவேற்பறைக்கு ஓடினார். அங்கே சோபாவில் அந்த அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?"

எழுந்தார்கள். அவர் சோபாவின் உறையைக் கிழித்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சை உருவிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். அந்த அம்மா வாய்மேல் கை வைத்தபடி நின்றார். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அம்மாவுக்கும் வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

இதற்குள் வண்டி திரும்பிவந்து, வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே நின்றது. தலைமையாசிரியர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கினார். கதவைச் சாத்தினார். சத்தமே இல்லை! அப்படியே நடந்து வந்து மனைவிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன சிரிப்பு?"

தாயும் மகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

தலைமையாசிரியருக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா? நான் இறங்கினதே உங்களுக்குத் தெரியல! இதுதான் வண்டி! போடு கையெழுத்து!"

விற்பனையாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவை மூடி கழற்றி நீட்டினார்.

அந்த அம்மா பேனாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"இந்த வண்டி வேணாம்."

"என்னது?" என்றார் தலைமையாசிரியர். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை மனைவி வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. ஆளே ஆடிப்போய்விட்டார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். தலைமையாசிரியர் திறந்த வாய் மூடாமல் பின்னாலேயே ஓடினார்.

மாடியிலிருந்து இறங்கிவந்த மேனேஜர், தன் அறை வாசலில் மிதியடியைத் தேடினார். பிறகு சோபாவின் எலும்புக்கூட்டைப் பார்த்தார். பிறகு விற்பனையாளரைப் பார்த்துச் சிரித்தார்.

 விற்பனையாளர், கடைசியாக நகர்ந்த மகளை ஓடிப்போய் மறித்துக்கொண்டார். "ஏம்மா, என் பொழப்பே போச்சு! நாலு கதவுலயும் சத்தத்தை அடியோட ஒழிச்சுக் குடுத்தேனே, அப்புறமும் உங்கம்மாவுக்கு என்னதாம்மா குறை?"

அவள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, கதவு 'டமார்'னு கேட்டாத்தான் அப்பா வந்துட்டாருன்னு தெரிஞ்சு வீட்டுல நாங்க சிரிக்கறதை நிறுத்துவோம்... அந்தப் பழைய சத்தத்தைத் திருப்பி வச்சுக் குடுங்க, அம்மா இப்பவே வந்து கையெழுத்துப் போடுவாங்க!"